யுத்தம் முடிந்த பிறகு

2014-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ஆம் தேதியன்று வாஷிங்டன் நகரத்துப் பெரிய புல்வெளியில் சிலர் வரிசை வரிசையாகச் சிறு கொடிகளை நட்டுக் கொண்டிருந்தார்கள். எல்லாம் அமெரிக்க தேசத்துக் கொடிகள், மொத்தம் 1,892. தூரத்திலிருந்து பார்த்தவர்கள், ஏதோ தேசியத் திருநாள் போலிருக்கிறது என்று எண்ணியிருந்தால் அவர்கள் மேல் குற்றமில்லை. அருகில் சென்று விசாரித்தால்தான் விஷயம் விளங்கும். அந்த வருஷம் பிறந்து அன்றைக்கு 86 நாள் ஆகியிருந்தது. பட்டாளத்தில் சேவை செய்து வீடு திரும்பியவர்களில் நாளொன்றுக்கு 22 பேர் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக் கொள்கிறார்கள் என்பது அப்போது வழங்கிய கணக்கு. 86-ஐ 22-ஆல் பெருக்கினால் வருகிற தொகைதான் அந்தக் கொடிகளின் எண்ணிக்கை. நட்டவர்களோ, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் போர் புரிந்து திரும்பியவர்களின் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். தங்கள் தோழர்களுக்குத் தாங்களே கொடி நட்டார்கள்.

இந்த 22 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 2013-ஆம் வருஷ ஆரம்பத்தில் வெளியான சர்க்கார் அறிக்கை ஒன்றில் அது இருந்தது. 21 மாகாணங்களின் மரணப் பதிவுகளை வைத்துக் கொண்டு நாடு முழுவதற்கும் உத்தேசமாகக் கணித்த எண் அது. காலிபோர்னியா, டெக்ஸாஸ் போன்ற பெரிய மாகாணங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. அறிக்கை எழுதியவர்களே இதைத் தெரிவித்திருந்தார்கள். ஆனால் அறிக்கையை யார் படிக்கிறார்கள்? எண்ணை மட்டும் எடுத்துக் கொண்டார்கள். சட்டையில் அச்சடித்தார்கள். கையில் வளையம் மாதிரி மாட்டிக் கொண்டார்கள். பிறகு ஒரு சமயம், நாளைக்கு 22 தண்டால் எடுத்து அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுகிற வழக்கம் காட்டுத் தீப் போல் பரவிற்று. தண்டால் எடுப்பது தேகத்துக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. துக்கத்தில் தனியே உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு அதனால் என்ன பயன் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

பின்னால் சர்க்கார் எல்லா மாகாணங்களின் பதிவுகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. 2022-ஆம் வருஷத்தில் இவ்விதம் இறந்த முன்னாள் படை வீரர்கள் 6,407 பேர். சராசரி நாளைக்கு 17.6. எண் குறைந்துவிட்டதே என்று ஆறுதல் அடைய இதில் ஒன்றுமில்லை. வயதையும், ஆண் பெண் என்ற வித்தியாசத்தையும் கருதிச் சரி செய்து பார்த்த பிறகும், பட்டாளத்துக்கே போகாத அமெரிக்கர்களைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இவர்களிடையே இந்தச் சாவு நேருகிறது. ஆனால் எண்ணைக் கோஷமாக்குவதில் ஒரு பெரிய அபாயம் இருக்கிறது. போர்க்களத்திலிருந்து வந்தவனுடைய கதை இப்படித்தான் முடியும் என்று நாளெல்லாம் முரசறைந்தால், அந்த முரசு அவன் காதிலும் விழும் அல்லவா? உண்மையில் திரும்பி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தை குட்டிகளுடன் தொழில் செய்து வாழ்கிறார்கள். அதையும் அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அமெரிக்க சர்க்கார் கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. முன்னாள் படை வீரர்களுக்கென்றே தனி இலாகா, நாடெங்கும் ஆஸ்பத்திரிகள், வேண்டிய டாக்டர்கள் எல்லாம் உண்டு. 2007-இல் இராப்பகல் எந்நேரமும் டெலிபோனில் பேசக்கூடிய உதவி நிலையம் ஒன்றையும் ஏற்படுத்தினார்கள். 2023 ஜனவரி முதல், உயிருக்கு அபாயமான மனநிலையில் இருக்கும் முன்னாள் வீரர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் செலவை இலாகாவே ஏற்றுக்கொள்ளும் என்று விதி வந்தது. இவ்வளவும் இருந்து, இறந்து போனவர்களின் பட்டியலைப் பார்த்தால், நூற்றுக்குச் சுமார் அறுபது பேர் தங்கள் கடைசிக் காலத்தில் இந்த இலாகாவின் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததே இல்லை. கதவு திறந்துதான் இருக்கிறது, அவர்கள் வரவில்லை. வராதவனைத் தேடிப் போவது யார்? தர்ம ஸ்தாபனங்களின் வேலை தொடங்குகிற இடம் இதுதான். எத்தனை பணம் திரட்டினார்கள், எத்தனை பேர் ஊர்வலம் போனார்கள் என்பதை விட, வராதவன் வீட்டுக்கு யார் போனார்கள் என்பதைக் கொண்டே அவற்றை மதிப்பிட வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இந்த வேலை இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. முதலாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் படையில் சுமார் 80,000 பேர் மனம் கலங்கி நின்றார்கள். குண்டு அதிர்ச்சி என்று அந்த நோய்க்குப் பெயர் வழங்கிற்று. டாக்டர் சார்லஸ் மையர்ஸ் 1915-இல் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றி எழுதினார். பட்டாளத் தலைவர்களுக்கோ அது நோயா, கோழைத்தனமா என்பதிலேயே சந்தேகம். களத்தை விட்டு ஓடினான், கோழையானான் என்பது போன்ற குற்றங்களுக்காகச் சொந்தப் படையே சுட்டுக் கொன்ற 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப் பிரிட்டனுக்கு 2006-ஆம் வருஷம் வரையில் அவகாசம் தேவைப்பட்டது!

சண்டை ஓய்ந்ததும் மனம் சரியாகாத சிப்பாய்கள் பலரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். 1919-இல் லண்டனில் சிலர், பெரும்பாலும் பெண்மணிகள், ஒன்று கூடி இவர்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார்கள். நாட்டுக்காகப் போரிட்டவனைப் பைத்தியக்காரர்களோடு சேர்த்து அடைப்பதா என்பது அவர்களுடைய கேள்வி. மறு வருஷமே பட்னி என்ற இடத்தில் ஒரு வீட்டை எடுத்து, இளைப்பாறி உடலும் மனமும் தேறுவதற்கான விடுதி ஆக்கினார்கள். அத்தோடு நிற்கவில்லை. தேறிய மனிதன் வெளியே போனால் அவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? குண்டு அதிர்ச்சி பெற்றவன் என்று தெரிந்தால் முதலாளி தயங்குவான். ஆகவே 1920-களின் பிற்பகுதியில் லெதர்ஹெட் என்னும் ஊரில் அவர்களே ஒரு தொழிற்சாலை வைத்து, மின்சாரத்தால் சூடேறும் கம்பளிகளைச் செய்வித்தார்கள். தெர்மெகா என்பது அந்தக் கம்பளியின் பெயர். பக்கத்திலேயே தங்கும் வசதியும் இருந்தது. கை நடுங்கிய மனிதர்கள் அங்கே வேலை செய்து கூலி வாங்கினார்கள். தர்மமாகக் கொடுத்த கூலியன்று. விற்கிற சரக்குக்கான கூலி. அந்தச் சங்கம் இன்றைக்குக் ‘காம்பட் ஸ்ட்ரெஸ்’ என்ற பெயருடன் நடந்து வருகிறது.

அதே யுத்தத்தில் நம் நாட்டிலிருந்து 13 லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் கடல் கடந்து அனுப்பி வைத்தார்கள். ஆள் சேர்க்கும் போது எத்தனை மேளம், எத்தனை தாளம்! திரும்பி வந்தவர்களின் மனத்தைப் பற்றி வெள்ளைக்காரத் துரைத்தனம் விசாரித்ததா என்று கேட்பது வீண். அவர்களுக்காகப் பட்னியில் வீடு எடுப்பார் எவரும் இருந்ததில்லை. இது நிற்க.

அமெரிக்காவில் இதே பாடத்தை மறுபடியும் படிக்க வியட்நாம் யுத்தம் தேவைப்பட்டது. அந்த யுத்தத்தை அந்நாட்டு ஜனங்களே வெறுத்தார்கள். வெறுப்பு, யுத்தத்தை நடத்தியவர்களோடு நில்லாமல், போய் வந்த பையன்கள் மேலும் படர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர்களுக்கு இவர்களுடைய நோய் புரியவில்லை. அவர்கள் புத்தகத்தில் அப்போது அதற்குப் பெயரே கிடையாது. 1970-இல் நியூயார்க்கில் சில வியட்நாம் வீரர்கள் தாங்களாகவே கூடி உட்கார்ந்து மனம் விட்டுப் பேசத் தொடங்கினார்கள். சைம் ஷட்டான், ராபர்ட் ஜே லிப்டன் என்ற இரண்டு மனோவைத்தியர்கள் அழைப்பின் பேரில் அவர்களோடு போய் அமர்ந்தார்கள். வைத்தியராக மேலே உட்காராமல், வட்டத்தில் ஒருவராக உட்கார்ந்தார்கள் என்பதுதான் விசேஷம். இந்த மாதிரிக் கூட்டங்கள் வேறு நகரங்களிலும் பரவின. ஒன்பது வருஷம் கழித்து, 1979-இல், சர்க்காரே விழித்துக் கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வெளியே, கடைத்தெருக்களில், முன்னாள் வீரர்களையே சிப்பந்திகளாக வைத்துச் சிறு நிலையங்கள் திறந்தது. 1980-இல் நோய்க்கும் வைத்தியப் புத்தகத்தில் பெயர் கிடைத்தது. முதலில் நாலு பேர் கூடிச் செய்து காட்டினார்கள். சர்க்கார் பின்னால் நடந்து வந்தது. தர்ம காரியங்களின் சரித்திரத்தில் இது சாதாரணமாகக் காணப்படும் வரிசைதான்.

குண்டுக்குத் தப்பி வந்தவன் வீட்டில் வந்து ஏன் சாக வேண்டும்? போர்க்களத்தில் கண்ட கோரம்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். பலர் விஷயத்தில் அது மெய். ஆனால் அதுவே முழு விடை அன்று. பிரிட்டனில் பட்டாளத்தை விட்டு விலகியவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், மொத்தத்தில் அவர்களுடைய நிலைமை மற்ற ஜனங்களைப் போலவே இருந்தது. இருபத்தைந்து வயது நிரம்பாமல் விலகிய வாலிபர்களிடையேதான் அபாயம், அதே வயதுள்ள மற்றவர்களைக் காட்டிலும் இரண்டு முதல் நான்கு மடங்காகக் காணப்பட்டது. போர்முனையையே பார்க்காதவர்களும் அந்தப் பையன்களில் உண்டு. காலையில் எழுப்ப ஒரு கொம்பு, கூடச் சாப்பிட முப்பது தோழர்கள், தன்னை நம்பிப் பக்கத்தில் நிற்கிறவன், தோளில் ஒரு பட்டை, செய்ய ஒரு வேலை என்று இருந்தவன், ஒரு நாள் சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக் கொண்டு ரயிலிலிருந்து இறங்குகிறான். மறுநாள் காலையில் அவனை எழுப்புவாரில்லை. எழுந்துதான் என்ன செய்யப் போகிறான்?

இந்தக் கேள்விக்கு விடையாக எழுந்த ஸ்தாபனங்களில் ஒன்று ‘டீம் ரூபிகான்’. 2010 ஜனவரியில் ஹெய்ட்டித் தீவில் பெரும் பூகம்பம் நேர்ந்த போது, ஜேக் வுட், வில்லியம் மக்நல்டி என்ற இரண்டு முன்னாள் படை வீரர்கள் சிலரைச் சேர்த்துக் கொண்டு மருந்துப் பெட்டிகளுடன் அங்கே போனார்கள். போன இடத்தில் ஒன்று கண்டார்கள். இடிபாடுகளுக்கு நடுவே, பட்டாளத்தில் கற்ற வித்தையெல்லாம் உயிரைக் காப்பதற்குப் பயன்பட்டது. உதவி பெற்றவர்களைப் போலவே உதவி செய்தவர்களும் தெம்படைந்தார்கள். அதிலிருந்து வெள்ளம், புயல், பூகம்பம் என்று எங்கே ஆபத்து வந்தாலும் முன்னாள் வீரர்களைத் திரட்டிக் கொண்டு போகும் ஸ்தாபனம் பிறந்தது.

இந்த இடத்தில் கதையை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் அது உண்மைக்குத் துரோகம். ஹெய்ட்டிக்குச் சென்றவர்களில் கிளே ஹண்ட் என்று ஒரு வாலிபர் இருந்தார். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் போர் புரிந்தவர். மனம் தளர்ந்தால் வெட்கப்படாமல் உதவி கேளுங்கள் என்று தோழர்களுக்குச் சொல்லும் விளம்பரத்தில் அவரே தோன்றியிருந்தார். சட்டசபை அங்கத்தினர்களைக் கண்டு தம் போன்றவர்களுக்காக வாதாடினார். 2011 மார்ச்சு மாதத்தில், 28-ஆம் வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். தொண்டும் தோழமையும் பெரிய மருந்துகள்தான். ஆனால் அவை மட்டுமே போதும் என்று எந்த ஸ்தாபனமும் மார்தட்டிக் கொள்ளக் கூடாது. அவருடைய தாயார் சும்மா இருக்கவில்லை. வாஷிங்டனுக்குப் போய்ச் சாட்சி சொன்னார். 2015 பிப்ரவரியில் அந்த வாலிபரின் பெயரைத் தாங்கிய சட்டம் ஒன்று நிறைவேறிற்று. முன்னாள் வீரர்களுக்கு இலாகா அளிக்கும் மனோ சிகிச்சை பலன் தருகிறதா என்று வருஷந்தோறும் வெளியார் பரிசோதிக்க அது வழி செய்தது.

இதெல்லாம் பெரிய காரியங்கள். ஒரு சிறிய காரியத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாக இடம் ஒதுக்க வேண்டும். அது தபாலில் போகிற ஒரு கடிதம்.

ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் ஜெரோம் மாட்டோ என்று ஒரு மனோவைத்தியர் இருந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் பட்டாளத்தில் வேலை பார்த்தவர். அப்போது அறிமுகமான ஓர் இளம் பெண் அவருக்கு விடாமல் கடிதம் எழுதி வந்தாளாம். பதிலை வற்புறுத்தாத, ஒன்றும் கேட்காத கடிதங்கள். தொலைதேசத்தில் கிடக்கும் தன்னை ஒருவர் நினைத்துக் கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் தமக்கு எவ்வளவு பலம் தந்தது என்பதை அவர் மறக்கவில்லை. பின்னால் டாக்டரான பிறகு, உயிரை விட முயன்றோ, மனச்சோர்வு முற்றியோ ஆஸ்பத்திரிக்கு வந்து, வெளியே போனதும் ‘இனிமேல் சிகிச்சை வேண்டாம்’ என்று சொல்லிவிடுகிறவர்களை என்ன செய்வது என்று யோசித்தார். இழுத்து வர முடியாது; விட்டுவிடவும் மனமில்லை.

1969-இல் ஒரு பரிசோதனை தொடங்கினார். அவ்விதம் சிகிச்சையை மறுத்த 843 பேரைக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு ஒன்றும் செய்யவில்லை. மற்றப் பாதியாருக்கு, ஆஸ்பத்திரியில் அவர்களை முன்பே சந்தித்த ஒருவர் கடிதம் எழுதினார். முதல் நாலு மாதம் மாதம் ஒன்று. அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று. பிறகு நாலு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று. ஆக, ஐந்து வருஷத்தில் இருபத்து நாலு கடிதங்கள். கடிதத்தில் உபதேசம் இல்லை. மருந்து சாப்பிட்டீர்களா, ஏன் வரவில்லை என்ற விசாரணை இல்லை. நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் இரண்டு வரி எழுதுங்கள், மகிழ்வோம் என்ற மாதிரி மூன்று நாலு வாக்கியங்கள். அச்சடித்ததல்ல, ஒவ்வொருவருக்கும் தனியே எழுதியது. அவர்கள் பதில் போட்டால் அதற்கு ஏற்பப் பதில் போகும்.

முடிவு என்ன தெரியுமா? கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. முதல் இரண்டு வருஷங்களில் அந்த வித்தியாசம் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்குத் தெளிவாயிருந்தது. பதில் எழுதியவர்களில் ஒருவர், ‘உங்களைப் போல் விடாக்கண்டரை நான் பார்த்ததே இல்லை; அப்படியானால் உங்களுக்கு என் மேல் நிஜமாகவே அக்கறை இருக்கத்தான் வேண்டும்’ என்ற கருத்தில், நடுவில் ஒரு வசவையும் சேர்த்து எழுதியிருந்தாராம். வைத்திய சாஸ்திரத்தில் இதை விட மேலான சர்ட்டிபிகேட்டு ஏது?

இந்த முறையை அரை நூற்றாண்டு கழித்து முன்னாள் வீரர்களின் இலாகா எடுத்துக் கொண்டது. 2020-இல் இருந்து, டெலிபோன் நிலையத்தைக் கூப்பிட்ட வீரர்களுக்கு, ஒரு வருஷத்தில் ஒன்பது கடிதங்கள் அனுப்பலாயிற்று. முதல் வருஷத்திலேயே ஒரு லட்சம் பேர் அளவில் பெற்றார்கள். பலனைக் கணக்கிட்ட போது, கடிதம் போன பிறகு சிகிச்சைக்கு வருகிறவர்கள் அதிகமானது தெரிந்தது. ஆனால் உயிரை மாய்த்துக் கொள்ளும் முயற்சி குறைந்ததாகக் கணக்குக் காட்டவில்லை. இதில் நமக்கு ஆச்சரியம் இல்லை. முன்பின் பார்த்தறியாத காரியாலயத்திலிருந்து லட்சக்கணக்கில் வரும் கடிதமும், நம் முகத்தைப் பார்த்துப் பேசிய மனிதர் எழுதிய கடிதமும் ஒன்றாகுமா? ஆனாலும் கதவு தட்டிய அளவுக்குக் கடிதம் தன் வேலையைச் செய்திருக்கிறது. மீதி வேலைக்கு, அந்த வீரன் வசிக்கிற ஊரிலேயே, அவன் பெயரைத் தெரிந்த ஒருவர் வேண்டும். அதனால்தான் இந்த விஷயத்தில் பெரிய இலாகாவை விடச் சிறிய சங்கத்துக்குச் சௌகரியம் அதிகம்.

கடிதம் என்றதும் இன்னொரு கடிதத்தின் ஞாபகம் வருகிறது. போர்முனையில் சிப்பாய் ஒருவன் இறந்தால் அமெரிக்க ஜனாதிபதி அவனுடைய குடும்பத்துக்கு அனுதாபக் கடிதம் எழுதுவது வழக்கம். அதே போர்முனையில் அவன் தன் உயிரைத் தானே போக்கிக் கொண்டிருந்தால் கடிதம் கிடையாது. 2009-இல் ஈராக்கில் மகனைப் பறிகொடுத்த இண்டியானா மாகாணத்துத் தம்பதிகள், வீட்டுச் சுவரில் மகனுடைய நினைவுக்காக ஓர் இடத்தை ஏற்படுத்தி, அதில் ஜனாதிபதியின் கடிதத்துக்கென்று இடம் விட்டு வைத்துக் காத்திருந்தார்கள். வராது என்று தெரிந்ததும் விதியை மாற்றும்படி எழுதிக் கொண்டே இருந்தார்கள். 2011 ஜூலையில்தான் அந்த விதி மாறிற்று. அந்தக் காகிதத் துண்டால் மகன் திரும்பப் போவதில்லை. ஆனால் ஊரார் முன்னிலையில் அவனும் தேசத்துக்காகப் போனவன்தான் என்று ஆயிற்று.

இப்படி மிஞ்சி நிற்கிற குடும்பங்களைக் கவனிக்கவும் ஒரு ஸ்தாபனம் உண்டு. ராணுவத்தில் அதிகாரியாயிருந்த கணவரை 1992-இல் ஆகாய விமான விபத்தில் இழந்த பானி கேரல் என்ற அம்மையார் 1994-இல் அதை ஆரம்பித்தார். போரில் இறந்தவனின் மனைவிக்கும், விபத்தில் இறந்தவனின் தாய்க்கும், தற்கொலையால் இறந்தவனின் குழந்தைக்கும் அங்கே ஒரே வரவேற்புத்தான். துக்கத்தில் உயர்வு தாழ்வு பார்ப்பதில்லை. இது வெறும் ஆறுதல் காரியம் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் இவ்விதம் போன வீட்டில் மற்றவர்களுக்கும் அந்த அபாயம் கூடுகிறது என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம்.

அடுத்தபடியாகத் துப்பாக்கி. அமெரிக்காவில் இதைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது. 2022-இல் இறந்த அந்த 6,407 பேரில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவர்களின் முடிவுக்குத் துப்பாக்கியே கருவி. சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் ஒரு கண்டம் போன்றது; சில நிமிஷமோ, சில மணியோ மூர்க்கமாக இருந்துவிட்டுத் தணிகிறது. அந்தக் கண்டத்தைத் தாண்டிப் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை. எனவே அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்னை. இஸ்ரேல் ராணுவத்தில் 2006-இல், வார முடிவில் வீட்டுக்குப் போகும் வாலிபச் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. தற்கொலை நூற்றுக்கு நாற்பது வீதம் குறைந்தது.

அமெரிக்காவில் அப்படி உத்தரவிட முடியாது. துப்பாக்கி வைத்துக் கொள்வது அங்கே பிறப்புரிமை. அதிலும் முன்னாள் சிப்பாய்க்கு அது தேகத்தின் ஓர் அங்கம். சர்க்கார் டாக்டர், ‘வீட்டில் துப்பாக்கி உண்டா?’ என்று கேட்டாலே, பறிக்க வருகிறார்கள் என்று சந்தேகம் கொண்டு மறுமுறை அந்தப் பக்கமே வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கேதான் தர்ம ஸ்தாபனங்கள் சாமர்த்தியமாக நுழைந்திருக்கின்றன. கூடப் படையில் இருந்தவனையே அனுப்புகிறார்கள். அவன் நோயைப் பற்றிப் பேசுவதில்லை. ‘கொஞ்ச நாளாக உன் முகம் சரியில்லை. நீ தேறுகிற வரைக்கும் அந்தப் பெட்டிச் சாவி என்னிடம் இருக்கட்டும்’ என்று கேட்கிறான். தோழன் கேட்டால் கொடுக்கிறார்கள். 2009-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில், ஒரே கடையில் வாங்கிய துப்பாக்கிகளால் ஒரு வாரத்துக்குள் ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் மாண்டு போனார்கள். கடைக்காரர் கலங்கிப் போனார். அங்கேயிருந்து, துப்பாக்கிக் கடைக்காரர்களும் சுகாதாரத் தொண்டர்களும் ஒன்று சேர்ந்து, வாங்க வருபவன் முகக்குறியைக் கவனிப்பதற்கும், சந்தேகம் தோன்றினால் விற்காமல் அனுப்புவதற்கும் பழக்கம் செய்தார்கள். சில ஊர்களில் வேண்டியவர்களின் துப்பாக்கியைக் கொஞ்ச காலம் கடையிலேயே பத்திரமாக வைத்துக் கொடுக்கிறார்கள். துப்பாக்கியின் பரம விரோதிகள் இதைச் செய்யப் போயிருந்தால் ஒரு கதவும் திறந்திராது.

பண விஷயத்துக்கு வருவோம். 2020-இல் நிறைவேறிய சட்டம் ஒன்றின்படி, சர்க்கார் ஊர்தோறும் உள்ள ஸ்தாபனங்களுக்கே மானியம் கொடுத்து, வராதவர்களைத் தேடிப் போகச் செய்கிறது. அகால மரணமடைந்த பாக்ஸ் என்னும் ஸார்ஜண்டின் பெயர் அந்தத் திட்டத்துக்கு. 2022-இல் முதல் தவணையாக 80 ஸ்தாபனங்களுக்கு 5 கோடியே 25 லட்சம் டாலர் கிடைத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பணம் சேருகிற இடத்தில் எறும்பும் சேருகிறது. 2016-இல் முன்னாள் வீரர்கள் பேரில் ஏராளமாய் நன்கொடை திரட்டி வந்த ஒரு பெரிய ஸ்தாபனத்தில் ஆடம்பரச் செலவு நடக்கிறதென்று பத்திரிகைகள் எழுதியதன் மேல், அதன் தலைமை அதிகாரிகள் இருவரை நிர்வாக சபை நீக்கிற்று. சேதி வந்த பிறகு நன்கொடை கொடுப்பவர்கள் எல்லா ஸ்தாபனங்களையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். கடிதம் எழுதிக் கொண்டிருந்த சின்னச் சங்கங்களும் அதனால் கஷ்டப்பட்டன.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1997 முதல் 2021 வரையில் அந்த நாட்டுப் படையில் இருந்தவர்களும் இருக்கிறவர்களுமாகக் குறைந்தபட்சம் 1,677 பேர் தற்கொலையால் மாண்டார்கள். அதே காலத்தில் போர்க்கடமையில் மாண்டவர்களைப் போல் இருபது மடங்குக்கு மேல். பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் கிளர்ச்சி செய்து, 2021-இல் ராயல் கமிஷன் ஒன்றை நியமிக்கச் செய்தார்கள். 2024 செப்டம்பரில் கமிஷன் ஏழு பாகங்களில் 122 சிபார்சுகளுடன் அறிக்கை கொடுத்தது. பட்டாளத்தை விட்டு வெளியேறும் அந்தக் காலத்தைக் கவனிப்பதற்கென்றே தனிக் காரியாலயம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அறிக்கைகள் அலமாரிக்குப் போகும் வழி எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்பதால், அந்தத் தாய்மார்கள் இன்னும் கொஞ்ச காலம் விழித்திருக்க வேண்டியிருக்கும்.

நமக்கும் இதற்கும் ஒரு கொடி வழிச் சம்பந்தம் உண்டு. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், சாக நினைக்கிறவர்கள் யாரும் எந்நேரமும் பேசலாம் என்று ஒரு டெலிபோனை வைத்துக் கொண்டு உட்கார்ந்தார். அது ‘ஸமாரிட்டன்ஸ்’ என்ற பெரிய இயக்கமாயிற்று. 1974-இல் உலகெங்கும் கிளைத்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே, 1986-இல் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ‘ஸ்நேகா’. வந்தவர்கள் சொல்வதைக் கேட்பதற்கென்றே அங்கே தொண்டர்கள் இருக்கிறார்கள். உயிரை விட முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக நிறுத்தும் பழைய சட்டத்தின் கடுமையும், 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தால் தணிந்தது. அவன் பெரும் மனவேதனையில் இருந்தான் என்றே கொள்ள வேண்டும். சர்க்கார் அவனுக்குச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று அது விதித்தது.

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவராகப் பட்டாளத்துக்குப் போய் வந்த தெருக்கள் உண்டு. நகரங்களிலும், நம் வீதியிலேயே, பென்ஷன் வாங்கும் ஹவில்தார் மாமாவோ, சுபேதார் தாத்தாவோ இல்லாமல் போகமாட்டார்கள். சுதந்திர தினத்தன்று அவரைக் கூப்பிட்டுக் கொடியேற்றச் சொல்லி மிட்டாய் கொடுத்து அனுப்புகிறோம். ஆகஸ்டு 16-ஆம் தேதி அவர் என்ன செய்கிறார் என்று கேட்டதுண்டா? முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே பட்டாளத்தை விட்டு வந்து, பாங்கு வாசலில் காவல் நிற்கும் மனிதர்களையும் நாள்தோறும் பார்க்கிறோம். இவர்களில் யாராவது வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கியிருந்தாலோ, குடி கூடியிருந்தாலோ, தமக்கு அருமையான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடத் தொடங்கினாலோ, போய்ப் பக்கத்தில் உட்காரலாம். ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேட்டுவிடலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆமென்று சொன்னால் அவரைத் தனியே விட வேண்டாம். ஜில்லாத் தலைநகரங்களில் முன்னாள் படை வீரர் நல அலுவலகம் இருக்கிறது. 2022 முதல் இந்திய சர்க்கார் நடத்தும் ‘டெலி மானஸ்’ என்ற டெலிபோன் உதவியும் உண்டு. இராப்பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. எண் 14416.